கடைசியாக எழுதியது எங்கே இருக்கிறது?



வந்திருப்பவர்களில் பாதிப் பேர் கணினிப் பொறியியல் மாணவர்கள், மீதிப் பேர் வங்கியிலும் அலுவலகங்களிலும் கணினியோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நீங்கள் கணினியில் ஒன்றை எழுதுகிறீர்கள். அது எங்கே போய் உட்காருகிறது? எப்போது பத்திரமாகிறது?

மாணவர்களுக்கு நினைவக அடுக்குப் படம் மனப்பாடமாக இருக்கும். உச்சியில் ரெஜிஸ்டர், அடுத்து எல்1, எல்2, எல்3 கேச்கள், அதற்கும் கீழே ரேம், அடியில் எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க். எல்1 கேச்சிலிருந்து ஒரு மதிப்பை எடுக்க ஏறத்தாழ ஒரு நானோ விநாடி ஆகும். ரேமுக்குப் போனால் நூறு நானோ விநாடி. எஸ்எஸ்டி என்றால் பத்துக்கணக்கான மைக்ரோ விநாடிகள். சுழலும் டிஸ்கில் பத்து மில்லி விநாடி வரை போய்விடும். உச்சிக்கும் அடிக்கும் ஒரு கோடி மடங்கு வித்தியாசம். அதை மறைக்கத்தான் இத்தனை அடுக்கு போட்டிருக்கிறார்கள்.

இந்தப் படத்தை வைத்து நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் படிப்பதைப் பற்றித்தான். கேச்சில் இருந்தால் இவ்வளவு நேரம், இல்லாவிட்டால் இவ்வளவு நேரம், சராசரி எவ்வளவு என்று ஒரு கணக்கு. படிப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. மேல் அடுக்கில் இருப்பது கீழே இருப்பதன் நகல்தான். மேலே கெட்டுப்போனால் கீழேயிருந்து இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம். எழுதும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஒரு மதிப்பை மாற்றிய அந்தக் கணத்தில் புதிய மதிப்பு உச்சியில் மட்டும்தான் இருக்கும். கீழே உள்ள அத்தனை பிரதிகளும் பழையவை. உச்சியோ, கரண்ட் போனால் அடுத்த நொடி ஒன்றும் மிஞ்சாத இடம். நாம் மிகச் சமீபத்தில் செய்த வேலை, ஆகவே நமக்கு மிக முக்கியமான வேலை, எப்போதும் மிகப் பலவீனமான அடுக்கில், ஒரே பிரதியாக நிற்கிறது.

இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். தரவைக் காப்பது என்றால் பேக்கப் எடுப்பது, பாஸ்வேர்டு போடுவது என்று நினைக்கிறோம். அவையெல்லாம் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தரவின் ஒரே பிரதி இந்தக் கணத்தில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. பாதுகாப்பு அந்த அடுக்கில் இருந்தாக வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறிய நிதி அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரி தாங்காமல், சர்வர் அணைந்திருக்கிறது. காலையில் போட்டதும் ஒழுங்காக எழுந்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. கவுன்ட்டரில் முதல் ரசீது அடித்தபோது காசாளர் அம்மா, "இந்த நம்பரை நேத்து சாயங்காலமே குடுத்துட்டேனே" என்றார். அவர் சொன்னது சரி. அடிக்கட்டையில் அதே எண் இருந்தது, வேறொருவர் பெயரில், வேறு தொகையோடு. நேற்றைய வாடிக்கையாளர் பணம் கட்டி, அச்சடித்த ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டேட்டாபேஸில் அப்படி ஒரு வரவே இல்லை. தேடிப் பார்த்ததில், மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ டேட்டாபேஸ் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தது தெரிந்தது. டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் வரி அது. வேகம் கூடியது உண்மைதான். அதன் விலை, 'பதிவாயிற்று' என்று திரையில் வந்த சொல்லுக்குப் பின்னால் ரேம் மட்டுமே நின்றது. அங்கிருந்து டிஸ்குக்குப் போவதற்குள் கரண்ட் போய்விட்டது.

அந்த டிஸ்க் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் உச்சியிலிருந்து இறங்குவோம்.

கேச் என்ற யோசனையை 1965இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் இரண்டே பக்கக் கட்டுரையில் எழுதினார். விற்பனைக்கு வந்த முதல் கேச், 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85இல் இருந்தது. அந்த வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. எழுதும் ஒவ்வொரு மதிப்பும் கேச்சோடு நிற்காமல் நேராக முதன்மை நினைவகத்துக்கும் போனது. இதை ரைட்-த்ரூ என்கிறோம். இந்த முறையில் கேச் எப்போதும் நகல் மட்டுமே. அதில் ஒரு பிட் கெட்டாலும் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழேயிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பிராசசர்களின் வேகம் கூடக் கூட அந்த வசதி கட்டுப்படியாகவில்லை. ஒரே எண்ணை ஆயிரம் தடவை மாற்றும் நிரலுக்காக ஆயிரம் தடவை ரேமுக்கு ஓடுவது வீண். எனவே மாற்றத்தைக் கேச்சிலேயே வைத்துக்கொண்டு, அந்த இடம் வேறொன்றுக்குத் தேவைப்படும்போது மட்டும் கீழே எழுதும் ரைட்-பேக் முறை பரவியது. இப்படிக் கேச்சில் மாறி, ரேமில் இன்னும் மாறாத 64 பைட் துண்டை 'டர்ட்டி' வரி என்பார்கள். பல கோர்கள் சேர்ந்து வேலை செய்யும் இயந்திரங்களுக்காக 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாப்பமார்க்கோஸும் பட்டேலும் வெளியிட்ட நெறிமுறையில், கேச்சின் ஒவ்வொரு வரிக்கும் நான்கு நிலைகளில் ஒன்று உண்டு. அந்த நான்கின் முதலெழுத்தைச் சேர்த்து அதை மெசி என்கிறோம். முதல் எழுத்தான எம்முக்குப் பொருள், இந்த வரியை நான் மாற்றிவிட்டேன், வேறு எந்தக் கோரிடமும் சரியான பிரதி இல்லை, ரேமில் இருப்பதும் பழசு என்பது. இன்னொரு கோர் அதே வரியைக் கேட்டால், எம் நிலையில் வைத்திருப்பவர்தான் கொடுத்தாக வேண்டும். நான் கேட்கச் சொன்ன அதே கேள்விக்கு வன்பொருள் தன்னிடம் ஓர் எழுத்தில் பதில் குறித்து வைத்திருக்கிறது. உலகில் இந்தத் தரவின் ஒரே பிரதி இந்த 64 பைட்தான்.

அந்த 64 பைட்டில் ஒரு பிட் புரண்டால்?

புரளும். 1978இல் இன்டெல்லில் டிமோத்தி மேயும் மர்ரே வுட்ஸும், ரேம் சில்லுகளில் காரணமில்லாமல் பிட் மாறுவதை ஆராய்ந்தார்கள். சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் மிகச் சிறு அளவில் யுரேனியமும் தோரியமும் இருந்தன. அவற்றிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் ஒன்று மின்னூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. உறையை மாற்றி அதைக் குறைக்கலாம். வானத்திலிருந்து வருவதைத் தடுக்க முடியாது. 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்கு வந்த முதல் கிரே-1 கணினியில் பிழையைக் கண்டுபிடிக்கும் பாரிட்டி மட்டும் இருந்தது, திருத்தும் ஏற்பாடு இல்லை. ஆறு மாதத்தில் 152 நினைவகப் பிழைகள் பதிவாயின. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரான்கள் அங்கே கூடுதல். அடுத்து வந்த கிரே-1கள் திருத்தும் ஏற்பாட்டோடு வந்தன.

2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் தேர்தல். பிரசெல்ஸை ஒட்டிய ஸ்கார்பெக்கில் மின்னணு வாக்கெண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்க வழியே இல்லாத அளவுக்கு வாக்கு விழுந்திருந்தது. திரும்ப எண்ணினார்கள். கூடுதலாக வந்தது சரியாக 4,096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். அதாவது ஒரே ஒரு பிட், 0 ஆக இருந்தது 1 ஆகியிருந்தது. மென்பொருளைச் சோதித்தார்கள், பழுது ஒன்றும் கிடைக்கவில்லை. தானாகப் புரண்ட பிட் என்பதைத் தவிர வேறு விளக்கம் அகப்படவில்லை. வாக்கு எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் போனதால்தான் இது தெரியவந்தது. 4,096க்குப் பதில் 16 கூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2009இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் நிறுவனத்தாரோடு சேர்ந்து, அங்கே ஓடும் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து எழுதிய கட்டுரையில், ஓராண்டில் நினைவக மாட்யூல்களில் 8 சதவீதத்துக்கு மேல் பிழை கண்டன என்று இருக்கிறது.

திருத்துவதற்கான வழியைப் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்டார். வார இறுதியில் ரிலே கணினியில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். இயந்திரம் பிழையைக் கண்டதும் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் முடியாது என்று கேட்டார். விடையை ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். ஏழு இடங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், 1 முதல் 7 வரை. 3, 5, 6, 7ஆம் இடங்களில் நம் தரவு. 1, 2, 4ஆம் இடங்களில் சோதனை பிட்கள். முதல் சோதனை 1, 3, 5, 7ஆம் இடங்களைப் பார்க்கும். அவற்றில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இரண்டாவது 2, 3, 6, 7ஐப் பார்க்கும். நான்காம் இடத்துச் சோதனை 4, 5, 6, 7ஐப் பார்க்கும். இப்போது ஐந்தாம் இடத்தில் பிட் புரண்டுவிட்டது என்று வையுங்கள். 1ஆம் சோதனை தவறும், 4ஆம் சோதனை தவறும், 2ஆம் சோதனை சரியாக இருக்கும். தவறியவற்றைக் கூட்டுங்கள்: 1 + 4 = 5. பிழை இருக்கும் இடத்தின் எண்ணே விடையாக வந்து நிற்கிறது. அந்தப் பிட்டைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைக் கரும்பலகையில் போடும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதையே விரித்து 64 பிட்டுக்கு 8 சோதனை பிட் வைத்தால், ஒரு பிட் பிழையைத் திருத்தலாம், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடிக்கலாம். இதைத்தான் ஈசிசி என்று சர்வர் விலைப்பட்டியலில் பார்க்கிறீர்கள். டிடிஆர்4 வரை கண்ணாலேயே அடையாளம் காணலாம். சாதாரண மாட்யூலில் ஒரு பக்கம் எட்டுச் சில்லு இருந்தால், ஈசிசி மாட்யூலில் ஒன்பது இருக்கும். டிடிஆர்5 வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் எல்லாச் சில்லுக்குள்ளும் ஒரு திருத்தும் ஏற்பாடு இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அது சில்லுக்குள் நடக்கும் பிழைக்கு மட்டும். சில்லுக்கும் பிராசசருக்கும் இடையில் கம்பியில் நடப்பதை அது பார்க்காது. சர்வருக்குத் தனி ஈசிசி வேண்டும்.

இனிக் கேச்சுக்குத் திரும்பலாம். ஈசிசி நல்லதென்றால் எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே? சில்லில் இடம் பிடிக்கும், எல்1இல் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட நேரமும் ஆகும். எங்கே போடுவது, எங்கே விடுவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஏஎம்டியின் முதல் ஆப்டெரான் பிராசசரைப் பாருங்கள். அதன் எல்1 கேச் இரண்டு பாதி. கட்டளைகளை வைக்கும் பாதிக்குப் பாரிட்டி மட்டும். தரவை வைக்கும் பாதிக்கு ஈசிசி. கட்டளைகளை யாரும் மாற்றுவதில்லை. கெட்டால் கீழே நல்ல பிரதி இருக்கிறது. ஆகவே கெட்டது தெரிந்தால் போதும். தரவுப் பாதியில் டர்ட்டி வரி இருக்கும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. கெட்டது தெரிந்து என்ன பயன்? அங்கேயே திருத்தியாக வேண்டும். பாதுகாப்பின் செலவை ஒரே பிரதி இருக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1990களின் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விற்ற பெரிய சர்வர்களில் அல்ட்ராஸ்பார்க்-2 பிராசசர் இருந்தது. உள்ளே இருந்த எல்1 தரவுக் கேச் ரைட்-த்ரூ. வெளியே பல மெகாபைட் அளவில் இருந்த இரண்டாம் அடுக்குக் கேச் ரைட்-பேக். அந்த வெளிக் கேச்சுக்குப் பாரிட்டி மட்டுமே கொடுத்திருந்தார்கள். ரேமுக்கு ஈசிசி இருந்தது. அந்த ஏற்பாட்டில் ஒரே பிரதி இருந்த அடுக்குக்குக் குறைந்த பாதுகாப்பு, நகல் இருந்த அடுக்குக்குக் கூடுதல் பாதுகாப்பு. வெளிக் கேச்சில் டர்ட்டி வரியில் பாரிட்டி பிழை வந்தால் இயந்திரம் செய்யக்கூடியது ஒன்றுதான்: நின்றுவிடுவது. வாடிக்கையாளர்களின் சர்வர்கள் காரணம் புலப்படாமல் விழுந்தன. 2000இல் வணிகப் பத்திரிகைகள் வரை அந்தப் பேச்சு போனது. அடுத்து வந்த அல்ட்ராஸ்பார்க்-3இல் அந்தக் கேச்சுக்கு ஈசிசி கொடுத்தார்கள். அங்கே இயந்திரம் நின்றது சரியான செயல் என்பதையும் சொல்லியாக வேண்டும். கெட்ட தரவைக் கீழே எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருந்திருந்தால், கீழே இருந்த பழைய நல்ல பிரதியும் போயிருக்கும்.

தற்செயலாக இல்லாமல், வேண்டுமென்றே பிட்டைப் புரட்டுவதும் நடக்கிறது. 2014இல் யூன்கு கிம்மும் கூட்டாளிகளும் ரோஹேமரைக் காட்டினார்கள். ரேமில் ஒரு வரிசையை 64 மில்லி விநாடிப் புதுப்பிப்புக்கு இடையே பல்லாயிரம் தடவை திறந்து மூடினால், பக்கத்து வரிசையில் உள்ள பிட் புரளும். சோதித்த 129 மாட்யூல்களில் 110 இப்படிப் புரண்டன. தன் அனுமதிக்கு உட்பட்ட இடத்தை மட்டும் படித்துக்கொண்டே அடுத்தவர் இடத்தை மாற்றலாம் என்று ஆயிற்று. இது ஒரு தனிச் சொற்பொழிவுக்கான விஷயம். இங்கே இவ்வளவு போதும்.

இனி ரேமிலிருந்து டிஸ்குக்கு. இங்கேதான் அலுவலகக்காரர்களுக்கு அதிகம் அடிபடுகிறது.

லினக்ஸில் ஒரு நிரல் கோப்பில் எழுதினால், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் அதை ரேமில் உள்ள பக்கக் கேச்சில் வைத்துக்கொண்டு உடனே 'சரி' என்று சொல்லிவிடும். அந்தப் பக்கம் இப்போது டர்ட்டி. வழக்கமான அமைப்பில் அது 30 விநாடி வரை அப்படியே இருக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். உடனே டிஸ்குக்குப் போக வேண்டும் என்றால் நிரல் எஃப்சிங்க் என்ற அழைப்பைக் கொடுத்து, அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். டேட்டாபேஸ்கள் எல்லாம் நிற்பது இந்த ஓர் அழைப்பின் மேல்தான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேட்டாபேஸின் எல்லாப் பக்கங்களையும் டிஸ்குக்குத் தள்ளிக் காத்திருந்தால் வேலை ஓடாது. இதற்கான வழியைக் கணக்குப்பிள்ளைகள் அறிவார்கள். கடையில் நாள் முழுக்க நடப்பது வரிசையாகச் சிட்டையில் ஏறும். அவரவர் பெயரில் உள்ள பேரேட்டுப் பக்கங்களைப் பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். சிட்டை சரியாக இருந்தால் பேரேட்டை எப்போது வேண்டுமானாலும் நேராக்கலாம். டேட்டாபேஸ் லாக் அந்தச் சிட்டைதான். லாக் பதிவு டிஸ்கில் உறுதியாக உட்காராமல் அது குறிக்கும் பக்கம் டிஸ்குக்குப் போகக் கூடாது என்பதே விதி.

இந்த விதியை முழுமையான ஒரு முறையாக வடித்தவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, நான்கு கூட்டாளிகளோடு 1992இல் ஏரிஸ் என்ற முறையை ஏறத்தாழ 70 பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். உலகின் பெரிய டேட்டாபேஸ்கள் பலவற்றில் மீட்சி இந்த வழியில்தான் நடக்கிறது. மாணவர்களே, அதைச் சுருக்கக் குறிப்பில் படிக்காதீர்கள், மூலத்தையே படியுங்கள்.

அதன் உயிர்நாடி ஓர் எண். லாக்கில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. ஒரு பக்கத்தை மாற்றும்போது, அந்த மாற்றத்தின் எண்ணைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுவார்கள். கிராஷ் ஆகி எழுந்ததும் லாக்கை முன்னிருந்து படித்துக்கொண்டு வருகிறார்கள். 501ஆம் பதிவு ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்கிறது. டிஸ்கில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் 480 என்று இருக்கிறது. அப்படியானால் 501 ரேமோடு போய்விட்டது, திரும்பச் செய். தலைப்பில் 510 என்று இருந்தால் அது ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது, விட்டுவிடு. இப்படிக் கிராஷ் நொடி வரை நடந்ததையெல்லாம், பாதியில் நின்ற வேலைகள் உட்பட, அப்படியே திரும்ப நடத்திவிட்டு, அதன் பிறகுதான் முடியாமல் நின்றவற்றைப் பின்வாங்குகிறார்கள். பின்வாங்குவதையும் லாக்கில் எழுதுகிறார்கள். மீட்சியின் நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மீட்சியின் நடுவிலும் கரண்ட் போகும் என்று யோசித்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

இத்தனையும் எஃப்சிங்க் உண்மை சொன்னால்தான் நிற்கும். 2018இல் அதுவே ஆட்டம் கண்டது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருபது ஆண்டாக ஒன்றை நம்பியிருந்தது. எஃப்சிங்க் தோல்வி என்று வந்தால் தரவு இன்னும் ரேமில் டர்ட்டியாகவே இருக்கும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டால் திரும்ப எழுதும் என்பது அந்த நம்பிக்கை. லினக்ஸ் அப்படிச் செய்யவில்லை. டிஸ்க் எழுத மறுத்ததும், அந்தப் பக்கத்தின் டர்ட்டி அடையாளத்தை எடுத்துவிட்டது. பிழையை ஒரு தடவை சொன்னது. அடுத்த தடவை எஃப்சிங்க் கேட்டபோது, எழுத வேண்டிய டர்ட்டி பக்கம் எதுவும் இல்லை, ஆகவே 'வெற்றி'. போஸ்ட்கிரெஸ் அதை நம்பி, அதுவரை மாறிய பக்கங்களெல்லாம் டிஸ்கில் ஏறிவிட்டன என்பதற்கான அடையாளமான செக்பாயின்ட் முடிந்தது என்று குறித்துக்கொண்டு, இனி வேண்டாம் என்று லாக்கின் பழைய பகுதியைக் கழித்துவிடும். பக்கம் டிஸ்குக்கு வரவில்லை, அதைத் திரும்பச் செய்ய லாக்கும் இல்லை. ஒரே பிரதி எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு அடுக்குக்கும் இடையே இருந்த தவறான புரிதல் அது. ஒவ்வொன்றும் மற்றதிடம் இருப்பதாக நினைத்தது.

2019 பிப்ரவரியில் வெளியான பதிப்புகளில் தீர்வு வந்தது. எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. எழுந்து, லாக்கிலிருந்து திரும்பச் செய்கிறது. ரேமில் இருப்பதை நம்ப முடியாது என்று ஆனபின், லாக்கை நம்பி விழுவதே பத்திரம். 2020இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரெபெல்லோ, பட்டேல், அழகப்பன் ஆகியோரும் அவர்களுடைய ஆசிரியர்களும் பல கோப்பு முறைகளையும், பரவலாகப் புழங்கும் டேட்டாபேஸ் மென்பொருள்களையும் இதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். எஃப்சிங்க் தோற்றபின் எந்த மென்பொருளும் முழுமையாகத் தப்பவில்லை.

எழுதும் அளவிலும் அடுக்குகள் ஒத்துப்போவதில்லை. போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கிலோபைட். கெர்னல் பக்கம் பெரும்பாலும் 4. டிஸ்கின் துண்டு 512 பைட்டாகவோ 4 கிலோபைட்டாகவோ இருக்கும். நடுவில் கரண்ட் போனால் முன்பாதி புதிது, பின்பாதி பழசு என்று கிழிந்த பக்கம் ஒன்று மிஞ்சும். தலைப்பில் உள்ள எண் அங்கே பொய் சொல்லிவிடும். ஆகவே செக்பாயின்டுக்குப் பின் ஒரு பக்கத்தை முதல் தடவை தொடும்போது, போஸ்ட்கிரெஸ் முழுப் பக்கத்தையும் லாக்கில் எழுதுகிறது. மைஎஸ்கியூஎல் தன் 16 கிலோபைட் பக்கத்தை முதலில் வேறொரு இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு உரிய இடத்தில் எழுதுகிறது. லாக் பெரிதாகிறது என்று இவற்றை அணைக்கச் சொல்லும் அறிவுரைகளை நம்பாதீர்கள்.

டிஸ்க் என்று நாம் கூப்பிடுவதுகூட ஓர் அடுக்கு இல்லை. அதற்குள்ளும் ஒரு ரேம் இருக்கிறது. கெர்னல் காலி செய்யச் சொல்லி ஆணை கொடுத்தால் அது நிஜமாகவே உள்ளே போட்டுவிட்டுத்தான் 'ஆயிற்று' என்று சொல்ல வேண்டும். 2013இல் ஓர் ஆய்வுக் குழு 15 எஸ்எஸ்டிகளின் மின்சாரத்தை வேண்டுமென்றே நடுவில் பிடுங்கிச் சோதித்தது. 13 தவறின. சிலவற்றில் எழுதி முடித்ததாகச் சொன்ன தரவு காணாமல் போனது, ஒன்று மொத்தமாகச் செத்தது. சர்வர் தரத்து எஸ்எஸ்டிகளில் மின்தேக்கிகள் வைத்திருப்பது இதற்காகத்தான். கரண்ட் போன பின்னும் சில மில்லி விநாடி தாக்குப்பிடித்து உள்ளே இருப்பதை எழுதிவிட அந்தச் சேமிப்பு போதும். விலைப்பட்டியலில் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்றும் முயன்றார்கள். இன்டெல்லின் ஆப்டேன் நினைவகம் ரேம் இடத்தில் செருகலாம், கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் அதற்கு மேலே இருந்த கேச் அழியும். நிரலாளர் ஒவ்வொரு வரியையும் கேச்சிலிருந்து கீழே தள்ளும் கட்டளையைத் தானே கொடுத்து, எழுதும் வரிசையையும் தானே காக்க வேண்டியிருந்தது. 2022இல் இன்டெல் அந்தத் தொழிலையே நிறுத்தியது. பிரச்சினை ஓர் அடுக்கு மேலே ஏறிக்கொண்டதே தவிரத் தீரவில்லை.

இத்தனை அடுக்கிலும் தனித்தனியாகக் காவல் போட்ட பிறகும் இடைவெளி இருக்கும். சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எம்ஐடியிலிருந்து எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு உதாரணம் தருகிறார்கள். அங்கே வலையமைப்பின் ஒவ்வொரு கண்ணியிலும் பிழைச் சோதனை இருந்தது. ஆனால் நடுவில் இருந்த ஒரு கணினி, வந்த தரவை ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டை இடம் மாற்றிப் போட்டது. கண்ணிகளில் சோதனை இருந்தது, அந்தக் கணினியின் உள்ளே இல்லை. அதன் வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்த ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூலநிரல் கெட்டுப்போய், பழைய அச்சுப் பிரதிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். ஆகவே தரவு பிறக்கும் இடத்தில் அதிலிருந்து கணக்கிட்ட சோதனை எண்ணான ஒரு செக்சம் போட்டு, பயன்படுத்தும் இடத்தில் அதைச் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பக்கங்களுக்கான செக்சம் 18ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே போடப்படுகிறது. அதற்கு முந்தையது வைத்திருந்தால், சர்வரை நிறுத்திவிட்டு அதற்கான கருவியால் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். நிதி அலுவலகத்தில் நான் பார்த்தது உங்கள் இடத்தில் நடக்குமா என்று இதில் தெரிந்துவிடும். உண்மையான தரவு இருக்கும் இயந்திரத்தில் செய்யாதீர்கள். அதே மாதிரி டிஸ்க், அதே அமைப்பு உள்ள வேறொரு இயந்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு நிரல் டேட்டாபேஸில் 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொன்றாகப் பதியட்டும். ஒவ்வொன்றும் பதிவாயிற்று என்று டேட்டாபேஸ் சொன்னதும், அந்த எண்ணை வலையமைப்பு வழியாக இரண்டாவது கணினிக்கு அனுப்பட்டும். இரண்டாவது கணினி அதைத் திரையில் காட்டட்டும். நன்றாக ஓடும்போது முதல் கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்தினால் கணக்கில் சேராது, பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். திரும்பப் போட்டு, டேட்டாபேஸில் கடைசி எண் என்ன என்று பாருங்கள். இரண்டாவது கணினியின் திரையில் நிற்கும் எண் அதைவிடப் பெரியதாக இருந்தால், வித்தியாசம் எத்தனையோ அத்தனை ரசீது காணாமல் போகும். பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.